விரல் மடங்குகிறது, அதனால் முறியவில்லையாம்

எங்கள் புத்தளம் மாவட்டத்து மாம்புரிக் கரையில் கையில் அடிபட்டவனுக்கு ஒரு சோதனை உண்டு. அதற்கு வைத்தியர் வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கிற யாரும் செய்வார்கள். "எங்க, விரல மடக்கு பாப்பம்." அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவான். "மடங்குது தானே? அப்ப முறியல்ல. சுளுக்குத்தான்." தீர்ப்பு வந்துவிட்டது. எண்ணெய் தடவி, பழைய சாரத்தில் கிழித்த துணியைச் சுற்றிக்கொண்டு, மறுநாள் விடியுமுன் அவன் கரைவலைக் கயிற்றில் நிற்பான்.

இந்தத் தீர்ப்புக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பேச்சு என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டவர்கள் வாயிலிருந்தும் இதையே கேட்டிருக்கிறேன். சொல் மட்டும் மாறும்: "மூவ்மென்ட் இருக்கு, பயமில்ல."

பயம் இருக்கிறது. என் இடக்கை மோதிர விரல் அதற்குச் சாட்சி. பத்தொன்பது வயதில் ஊர் மைதானத்தில் கரப்பந்தாட்டம். தடுக்கப் போனபோது பந்து நேராக விரல் நுனியில் வந்து இடித்தது. நடு மூட்டு பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. கூட்டாளி ஒருவன் விரலைப் பிடித்து இழுத்தான். 'டக்' என்றது, நேரானது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தேன். வீக்கம் வற்றாததால் நான்காம் நாள் ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். கையை விரித்துத் தட்டையாக வைத்து ஒரு படம் எடுத்தார்கள். "படம் நல்லா இருக்கு, சுளுக்கு." மூன்று மாதம் கழித்து வேறொரு ஊரில் ஒரு எலும்பு வைத்தியர் அந்த ஒரு விரலை மட்டும் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்தார். நடு எலும்பின் அடியில், உள்ளங்கைப் பக்க விளிம்பு பெரிய துண்டாக உடைந்து போயிருந்தது. மிச்ச எலும்பு மூட்டின் குழியை விட்டுப் பின்னால் சரிந்து நின்றது. அந்த மூன்று மாதமும் என் விரல் மடங்கிக்கொண்டுதான் இருந்தது, அரைகுறையாகவேனும். இன்று அது முழுதாக நீளாது, முழுதாக மடங்காது. கல்யாண மோதிரம் அந்த மூட்டைத் தாண்ட மறுத்ததால் பக்கத்து விரலுக்குப் போனது. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இழுத்துவிட்ட நண்பன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆடுகளத்தில் விரலை இழுத்துவிடுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். என் கோபம் அந்தச் சோதனைமேல்.

மடக்குவது எது என்று யோசித்தால் போதும், சோதனை அங்கேயே விழுந்துவிடும். விரலை மடக்கும் தசைகளில் பெரியவை கையிலேயே இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோல் நாண்கள் இறங்கி வந்து எலும்பைப் பிடித்து இழுக்கின்றன. எலும்பு முறிந்திருக்கிறதா, மூட்டு குழிக்குள் இருக்கிறதா என்று நாண் விசாரிப்பதில்லை. பாய்மரம் விரிசல் விட்டிருந்தாலும் கயிற்றை இழுத்தால் பாய் ஏறத்தான் செய்யும். பாய் ஏறியதைக் காட்டி மரம் நல்ல மரம் என்று எங்கள் கடற்காரர் எவரும் சொல்ல மாட்டார். கைக்கு வந்தால் மட்டும் சொல்கிறார்கள்.

மூட்டுக்குள் முறிந்து, கூடவே மூட்டும் விலகுகிற காயங்கள் என்றொரு வகை இருக்கிறது. மடங்குகிறதா என்ற சோதனை மிக மோசமாக ஏமாறுவது இவற்றிடம்தான். பெருவிரலின் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள மூட்டு குதிரைச் சேணம்போல இருபக்கமும் வளைந்தது. பெருவிரல் எல்லாப் பக்கமும் சுழல்வது அதனால்தான். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் ஹேண்டல் திருப்பி அடித்தாலோ, மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தாலோ, சண்டையில் குத்தினாலோ, சற்று மடங்கிய பெருவிரலின் நீளவாட்டில் அடி இறங்குகிறது. எலும்பின் அடிமூலையில் ஒரு சின்னத் துண்டு உடைகிறது. அந்தத் துண்டை இணைப்புநார் ஒன்று இறுகப் பிடித்திருப்பதால் அது இருந்த இடத்திலேயே இருந்துவிடும். இடம் மாறுவது மற்ற முழு எலும்பும்தான். பெருவிரலை வெளியே இழுக்கும் நாண் அதன் அடியில் ஒட்டியிருக்கிறது. அது விடாமல் இழுக்க, முழுப் பெருவிரலும் மூட்டைவிட்டுச் சறுக்கிப்போகிறது. ஆக, முறிவை விலக்கிக்கொண்டே போவது கையை ஆட்டுகிற அதே தசைதான். விரல் ஆடுகிறதே என்று சந்தோஷப்படுகிறோம். ஆட ஆட மூட்டு விலகுகிறது.

இதை முதலில் விவரித்தவர் டப்ளின் நகரத்து அறுவை வைத்தியப் பேராசிரியர் எட்வர்ட் ஹலரன் பெனட். ஆண்டு 1882. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் பதின்மூன்று ஆண்டு இருந்தது. இறந்தவர்களின் எலும்புகளைப் பார்த்து, அவை கோணலாக ஒட்டியிருந்ததைக் கண்டு, உயிரோடு இருக்கிறவர்களிடம் இது தப்பிப்போகிறது என்று எழுதினார். படமே இல்லாத காலத்தில் ஒருவர் கண்டுபிடித்த காயத்தை, படம் எடுத்த பிறகும் சுளுக்கு என்று அனுப்பிவைக்கிறோம்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஊரில் இரண்டாவதாகச் சொல்வது இது: "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல." முதல் பேச்சைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் இதற்கு முத்திரை உண்டு. 1895 கடைசியில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரொண்ட்கன் எடுத்த புகழ்பெற்ற முதல் மனிதப் படம் அவருடைய மனைவியின் கை. விரலில் மோதிரம் தெரியும். ஒரு கோணத்தில், தட்டையாக. என் கையையும் அப்படித்தான் எடுத்தார்கள், மோதிரம் மட்டும் இல்லை.

தட்டையான படத்தில் எலும்பு முன்னோ பின்னோ சரிந்திருப்பது தெரியாது. வீதியின் நடுவில் நின்று எதிரே வரும் இரண்டு பஸ்களைப் பார்க்கிறவனுக்கு ஒன்றின் பின்னால் மற்றது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரியாததுபோல. கைக்குப் பல இடங்களில் நேர்ப்படமும் சாய்வுப்படமும் எடுப்பார்கள், சுத்தமான பக்கவாட்டுப் படம் விடுபட்டுவிடும். அதை எடுத்தாலும் உள்ளங்கை எலும்புகளின் அடிப்பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிழலாகக் கலந்துவிடும். சின்ன விரலும் மோதிர விரலும் மணிக்கட்டோடு சேருமிடத்தில் முறிவும் விலகலும் ஒன்றாக நேர்ந்தால், பக்கவாட்டில் இருந்து கையை இன்னும் முப்பது பாகை குப்புறத் திருப்பி எடுத்தால்தான் அது தெளியும். பெருவிரல் அடிக்கு வேறு கோணம்: பெருவிரலின் முதுகு தட்டில் படும்படி கையை நன்றாகத் திருப்ப வேண்டும். விரல் மூட்டுக்கு அந்த ஒரு விரலை மட்டும் தனியே பக்கவாட்டில். இவற்றில் எதற்கும் புது இயந்திரம் தேவையில்லை. இருக்கிற இயந்திரத்தின்கீழ் கையைத் திருப்பி வைக்க ஒருவர் வேண்டும், எப்படித் திருப்புவது என்று சீட்டில் எழுத ஒருவர் வேண்டும்.

எங்கள் மாவட்டம் தென்னை முக்கோணத்தைச் சேர்ந்தது. தென்னையில் இருந்து விழுகிறவன் கையை ஊன்றித்தான் விழுவான். அப்படி விழும்போது மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளுக்கு நடுவே பெரிய அனர்த்தம் நடக்கலாம். அந்த எட்டில் ஒன்றின் பெயர் படகு எலும்பு. கடற்கரைக்காரர்களுக்குப் பிடித்த பெயராக இருக்கும். அதன் பக்கத்தில் பிறை எலும்பு. பிறையின் குழியில் தலையெலும்பு உட்கார்ந்திருக்கும், கோப்பையில் முட்டை வைத்ததுபோல. பலத்த அடியில் படகு எலும்பு முறிய, பிறையைச் சுற்றியுள்ள எலும்புகள் எல்லாம் பின்னால் விலகிவிடும். சில வேளை பிறையே கவிழ்ந்து மணிக்கட்டின் முன்பக்கச் சுரங்கத்துக்குள் விழும். பக்கவாட்டுப் படத்தில் அது கவிழ்ந்த தேநீர்க் கோப்பைபோலத் தெரியும், நேர்ப்படத்தில் நாற்கோணமாக இருக்க வேண்டிய பிறை முக்கோணமாகத் தெரியும். தெரிந்தவருக்கு இது கண்ணைக் குத்தும். தெரியாதவருக்கு எட்டுக் கூழாங்கற்கள்.

1993இல் ஹெர்ஸ்பெர்க் என்ற பிரெஞ்சு வைத்தியரும் அவருடன் சேர்ந்தவர்களும் பல மருத்துவ நிலையங்களின் இத்தகைய 166 காயங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். முதல் பார்வையில் தவறவிடப்பட்டவை 41. நான்கில் ஒன்று. இவை கை வைத்தியத்தில் பெயர் பெற்ற இடங்களுக்கு வந்து சேர்ந்த காயங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கணக்கு எப்படி இருக்கும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் படித்தவர்களின் வாதம் வரும். "இதெல்லாம் அபூர்வமான காயம். நூறு கைக்காயத்தில் ஒன்றுகூட வராது. அந்த ஒன்றுக்காக எல்லாருக்கும் நாலு படம் எடுக்க முடியுமா? வெளிநோயாளர் பிரிவில் இருநூறு பேர் நிற்கிறார்கள்." நியாயமாகத் தோன்றும். உள்ளங்கை எலும்புகளும் மணிக்கட்டும் சேரும் மூட்டுகளின் விலகல் கைக்காயங்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றே பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் அந்த எண் எப்படி வந்தது? கண்டுபிடிக்கப்பட்டவற்றை எண்ணி வந்தது. சுளுக்கு என்று எழுதி அனுப்பப்பட்ட என் விரல் எந்தக் கணக்கிலும் இல்லை. தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் அபூர்வம், அபூர்வம் என்பதால் தேட வேண்டாம். இந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு எவரும் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் நாலு படம் என்று நான் கேட்கவும் இல்லை. யாருக்கு வேண்டும் என்று கையே சொல்லும். எப்படி அடிபட்டது என்று ஒரு கேள்வி: குத்தியதா, ஹேண்டல் அடித்ததா, உயரத்தில் இருந்து விழுந்ததா, விரல் நுனியில் பந்து இடித்ததா. புறங்கை பந்துபோல வீங்கியிருக்கிறதா. உள்ளங்கை எலும்பின் அடியில் ஒற்றை விரலால் அழுத்தினால் துள்ளுகிறாரா. வைத்தியர் மெல்லக் கையை மூடச் சொன்னால் நாலு விரல்களின் நுனிகளும் மணிக்கட்டில் பெருவிரல் பக்கத்து ஒரே இடத்தை நோக்கி வருகின்றனவா, ஒன்று மற்றதன்மேல் ஏறுகிறதா. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்துப் போயிருக்கின்றனவா. இந்தக் கடைசி அறிகுறி மணிக்கட்டு அடியோடு வந்தால் அது அவசரம், அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டியது, ஏனென்றால் விலகிய எலும்பு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். இவ்வளவையும் பார்க்க இரண்டு நிமிடம். கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: கையின் எக்ஸ்ரேயில் உடம்பு வாங்கும் அளவு மிக மிகச் சிறியது.

முறிவு நெரிவு வைத்தியர்களைத் திட்டுவேன் என்று சிலர் காத்திருப்பார்கள். அவர்களுக்கு ஏமாற்றம்தான். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்துக்குக் கீழே சுதேச வைத்தியர்கள் பதிவு பெற்று நடத்தும் வைத்தியம் இது. தமிழ்நாட்டார் ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போடப் போவதுபோல எங்கள் பக்கத்திலும் சனம் இவர்களிடம் போகிறது. நீள எலும்பு ஒன்று விலகாமல் முறிந்திருந்தால், அசையாமல் பத்தை வைத்துக் கட்டுகிற வேலையை இவர்களில் கைதேர்ந்தவர்கள் நன்றாகவே செய்வார்கள். ஆனால் மூட்டுக்குள் முறிந்து விலகிய எலும்பை எந்தக் கட்டும் தனியே பிடித்துவைக்காது. இழுத்தால் உள்ளே போகும். கையை விட்டதும் தசை மறுபடி வெளியே இழுத்துக்கொள்ளும். துணிக்கட்டுக்கும் இது பொருந்தும், வைத்தியசாலையின் வெள்ளை மாவுக்கட்டுக்கும் பொருந்தும். கட்டுக்குள்ளே எலும்பு எங்கே நிற்கிறது என்று திரும்பப் படமெடுத்துப் பார்க்காமல் ஆறு வாரம் கழித்து வா என்று அனுப்புகிறவர், எந்த வைத்தியம் படித்திருந்தாலும், அதே பிழையைத்தான் செய்கிறார்.

இன்னொரு பிழை இதற்கு நேரெதிர்த் திசையில். "கட்டு கூடுதல் நாள் இருந்தா நல்லது" என்பார்கள். விரல் மூட்டுக்கு இது சாபம். விரல் நீட்டிய நிலையில், முட்டிகள் நேராக, வாரக் கணக்கில் கட்டிக் கிடந்த கை அவிழ்க்கும்போது பலகையாகிவிடும். முட்டிகளை மடக்கி, மற்ற விரல் மூட்டுகளை நேராக வைத்துக் கட்ட வேண்டும் என்பது கை வைத்தியத்தின் அரிச்சுவடி. நடு மூட்டின் முறிவு விலகலுக்கு வைத்தியம் பெரும்பாலும் உடைந்த துண்டின் அளவைப் பார்த்தே முடிவாகிறது. மூட்டின் பரப்பில் முப்பது விழுக்காட்டுக்குள் உடைந்திருந்து எலும்பு ஒழுங்காக நின்றால், விரல் முழுதாக நீளாமல் மட்டும் தடுக்கும் ஒரு பத்தை போதும். மடக்கலாம், மடக்க வேண்டும். 1972இல் இருந்தே இந்த முறை எழுத்தில் இருக்கிறது. ஐம்பது விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டு தானாக நிற்காது. ஊசியோ, ரப்பர் வளையங்கள் பூட்டிய இழுவைச் சட்டமோ, அறுவையோ வேண்டும். உடைந்த விளிம்பு தூளாகிப் போயிருந்தால் மணிக்கட்டின் கொக்கி எலும்பில் இருந்து ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் பதிக்கிற வைத்தியமும் உண்டு. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருப்பது வைத்தியரின் கண்ணுக்கும் மனச்சாட்சிக்கும் விட்ட இடம். எனக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் செய்யக்கூடியது குறைவு என்று அந்த வைத்தியர் மரியாதையாகச் சொன்னார்.

பணத்தைச் சொல்வார்கள். "இதுக்கெல்லாம் கொழும்புக்குப் போகணும், பெரிய ஒப்பரேஷன்." பெருவிரல் அடியின் முறிவு விலகலுக்குப் பெரும்பாலும் வேண்டியது முதல் பத்துப் பதினைந்து நாளுக்குள் எலும்பை இழுத்து இடத்தில் வைத்து, தோலுக்கு வெளியே இருந்து ஒன்றிரண்டு மெல்லிய எஃகு ஊசிகளைச் செலுத்திப் பிடித்துவைப்பது. மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் கொண்டுவந்த ஊசி, இன்னும் 'கே-வயர்' என்று அவர் பெயரின் முதலெழுத்தோடு வழங்குகிறது. எலும்பு வைத்தியத்தில் இதைவிட மலிவான சாமான் குறைவு. நாலு முதல் ஆறு வாரத்தில் உருவி எடுத்துவிடலாம். செலவு ஏறுவது தாமதத்தால். ஆறு வாரம் தாண்டிய பிறகு ஊசி போதாது, திறக்க வேண்டிவரும். அதன் பிறகும் பழைய கை வராது.

கைக்கென்று தனி வைத்தியம் பணக்கார நாட்டு ஆடம்பரம் என்பவர்களுக்கு வேலூரை ஞாபகப்படுத்துகிறேன். 1946இல் அங்கே வந்த அறுவை வைத்தியர் போல் பிராண்ட், வைத்தியம் படிக்குமுன் கட்டிட வேலை பழகியவர். மடங்கிச் சுருண்ட தொழுநோயாளர்களின் கைகளில் நாண்களை இடம் மாற்றித் தைத்து, அவர்களைத் திரும்ப வேலை செய்ய வைத்தார். உலகக் கை அறுவையின் பெரிய பாடங்களில் சில, யாரும் தொட மறுத்த ஏழைகளின் கைகளில் படிக்கப்பட்டவை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு நிலையத்தை வளர்த்தார். நுனி துண்டுபட்ட விரலை மூட 1980இல் அவர் வெளியிட்ட முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. தொழிற்சாலையில் விரல் போன கூலியாட்கள்தான் இப்படியான நிலையங்களின் வாசலில் நின்றவர்கள்.

ஆனாலும் ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. கரைவலையில் இழுத்தவனுக்குத்தான் பங்கு. ஊசி போட்ட கையோடு ஆறு வாரம் வாடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அடுப்பு எப்படி எரியும்? வெங்காயப் பாத்தியில் நாட்கூலிக்குப் போகிறவளுக்கும் இதே கேள்விதான். சோளகம் அடித்துக் கடல் மூடிய மாதங்களில் அடிபட்டால் ஒருவேளை பார்த்துக்கொள்ளலாம். அடிபடுவதோ வலை நிறைகிற காலத்தில். இந்தச் சனத்தை அறியாமை என்று திட்டுகிறவர்கள் கொஞ்சம் வாயைப் பொத்த வேண்டும். 'சுளுக்குத்தான்' என்ற சொல் பல நேரம் வைத்தியக் குறிப்பே இல்லை, நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்கு இன்னொரு பெயர். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டே கேட்கிறேன்: இருபத்தைந்து வயதுக்காரன் ஆறு வாரக் கூலியை மிச்சம் பிடித்து, பிறகு முப்பத்தைந்து வருடம் பெருவிரல் பிடிக்காத கையோடு கயிறு இழுப்பது யாருக்கு லாபம்? காயப்பட்டவனுக்கு அரைப்பங்கு விட்டுக்கொடுப்பது கூட்டுக்காரர்களுக்கும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாருக்கும் முடியாத காரியமா? மையித்துக்கும் கல்யாணத்துக்கும் காசு திரட்டத் தெரிந்த ஊர், ஒரு கைக்கு ஆறு வாரம் திரட்டலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு மாம்புரி என்றால் 2010இல் சுழலத் தொடங்கிய காற்றாலைகள், பக்கத்தில் நுரைச்சோலையின் அனல் மின்நிலையம். அந்த இயந்திரங்களில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் எத்தனை பேர் ஏறிப் பார்க்கிறார்கள் என்று கடற்கரையில் இருந்தே தெரியும். அதில் பாதிக் கவனமாவது ஒரு கைக்குக் கிடைக்கட்டும்.

அடுத்த தரம் உங்கள் வீட்டுப் பிள்ளை வீங்கிய கையோடு வந்தால் மடக்கச் சொல்லாதீர்கள், இழுத்தும் விடாதீர்கள். கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே சீட்டு எழுதும்போது, "பக்கவாட்டிலயும் ஒண்ணு எழுதுங்க டொக்டர்" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். அரச வைத்தியசாலையில் அந்தப் படத்துக்குக் காசு வாங்குவதில்லை.